மடியில் முட்டையோடு ஒரு பயணம்

வாழப்பாடி
27.10.2025

மாமா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். அந்த அளவுக்கு என் கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கை வித்யா வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் விடாமல் போன் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீங்கள் பேசப்போவது "ம்", "செரி", "வெச்சர்றேன்" இந்த மூன்றும்தான். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்ல ஏதாவது இருந்தால் உட்கார்ந்து எழுதுங்கள். நாமக்கல்லிலும் தபால் ஆபீஸ் இருக்கிறது.

இங்கே எல்லாரும் நம் பயணத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். "கன்னியாகுமரி எப்படி இருந்துச்சு?" என்று வித்யாவின் மாமியார் ஆசையாகக் கேட்டார். நான் என்ன சொல்ல? சாத்தூர் வரைக்கும் நன்றாக இருந்தது என்றா?

நம் பெண் மோனிஷா காலேஜ் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் நானும் சுவரும்தான். நீங்களாகத்தான் ஒருநாள் சொன்னீர்கள்: "தீவாளி முடிஞ்சா ஒரு வாரம் லாரிக்கு லோடு இருக்காது. நாம ரெண்டு பேருமா கார்லயே கன்னியாகுமரி போயிட்டு வந்தர்லாம் அம்மிணி." நீங்கள் அவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்குப் பாதிப் பயணம் போய் வந்த மாதிரி இருந்தது. புதுச் செருப்பு வாங்கினேன். கடலில் நனைக்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

கிளம்புகிற காலையில் பார்த்தால் வாசலில் தண்டாயுதபாணி அண்ணன் நிற்கிறார். கோழிப் பண்ணைக்காரர் வெறுங்கையோடா வருவார்? கோவில்பட்டியில் அவர் மச்சான் கடைக்கு முட்டை போக வேண்டுமாம், தீபாவளிக்கு டிரைவர் ஒருத்தரும் வரவில்லையாம். நான் சேலை மாற்றி வருவதற்குள் பின்சீட்டை மடித்து, அட்டை அட்டையாகக் கூரை வரைக்கும் அடுக்கியாகிவிட்டது. "போற வழிதானே, வண்டி காலியாத்தானே போகுது" என்றீர்கள். காலியா? நான் உட்காரப் போகிற வண்டி மாமா அது.

இடம் போதாமல் மிஞ்சிய நாலு அட்டையை என் மடியில் வைத்தீர்கள்.

முட்டை உடையும் என்று நாற்பதுக்கு மேல் நீங்கள் போகவே இல்லை. டிராக்டர்காரன்கூட ஹாரன் அடித்து முந்திப் போனான். கரூரில் இறங்கி டீ குடிக்கலாம் என்றால், அட்டையை யார் பிடிப்பது என்றீர்கள். மத்தியானத்துக்கே தாண்டியிருக்க வேண்டிய மதுரைக்குள் நுழையும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. லாட்ஜ் அறையில் நான் ஒருத்தி, காரில் முட்டைக்குக் காவலாக நீங்கள். மறுநாள் விடிந்தபோது அந்த மழை. சாத்தூருக்கு அப்பால் ரோடே இல்லை என்று போலீஸ்காரர் கையைக் காட்டிவிட்டார். உலகத்தில் எல்லாரும் ஓட்டுகிற மாதிரி ஓட்டியிருந்தால், மழைக்கு முதல் நாள் சாயங்காலமே நாம் கடற்கரையில் நின்றிருப்போம்.

சரி, முட்டையை விடுங்கள். நான் வீட்டை விட்டு வந்தது முட்டைக்காக அல்ல. எதற்காக என்று உங்களுக்கே தெரிகிறதா, பார்க்கிறேன்.

மைதிலி


நாமக்கல்
31.10.2025

மைதிலி,

உன் கடிதம் கிடைத்தது. நான் கடைசியாகக் கடிதம் என்று எழுதியது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு. அந்த வாடை இதிலும் அடித்தால் பொறுத்துக்கொள்.

முட்டை ஏற்றியது தப்புதான். காலி வண்டி ஓட்ட எனக்கு மனசு வராது. அப்பாவுக்கும் அப்படித்தான். மாமனார் வீட்டு விருந்துக்குப் போகும்போதே நாலு மூட்டை தவிடு ஏற்றிக்கொண்டு போனவர் அவர். இது எங்கள் ரத்தத்தில் இருக்கிற வியாதி.

ஆனால் மழை நான் ஏற்றிக்கொண்டு போனதல்ல. ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு மேலே போனால் போலீஸ் தடுக்கத்தான் செய்யும். லாரியாக இருந்து நான் மட்டும் இருந்தால் மெதுவாக இறக்கிப் பார்த்திருப்பேன். நீ இருந்தாய். அதனால் நின்றுவிட்டேன்.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பால் ஒருநாள் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்துவிட்டேன்.

எதற்காகப் போனாய் என்று யோசித்தேன். டீ கேட்டதற்கா? அத்தனை தூரம் வந்து இறங்கியதும் "டீ இருக்கா" என்று கேட்டேன். நீ பிரிக்காத பையை அப்படியே தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏறிவிட்டாய். உனக்கும் களைப்பாக இருந்திருக்கும். கேட்டிருக்கக் கூடாது.

எப்போது வருகிறாய் என்று எழுது. கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். காலியாகவே வருகிறேன்.

சிவக்குமார்


வாழப்பாடி
4.11.2025

மாமா,

"காலியாகவே வருகிறேன்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். வித்யா எட்டிப் பார்த்தாள், உடனே முகத்தை மாற்றிக்கொண்டேன். நீங்கள் சிரிக்க வைக்க எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களோடு இத்தனை வருஷம் இருந்தும் தெரியவில்லை என்பதுதான் என் சங்கடம்.

டீக்காக இல்லை. நீங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் அடுத்த தீபாவளி வந்துவிடும். நானே சொல்லிவிடுகிறேன்.

சாத்தூர் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மழையில் மாட்டிய எல்லாரையும் அங்கேதான் தங்க வைத்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள், கோயிலுக்குப் போனவர்கள், லாரிக்காரர்கள். பெண்களெல்லாம் மேடைமேல், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற இடத்தில், ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் பசியில் அழுதன. அப்போது நீங்கள் எழுந்தீர்கள். இனி முட்டை கோவில்பட்டிக்குப் போய்ச் சேராது என்று தண்டாயுதபாணி அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டு, மொத்தத்தையும் இறக்கினீர்கள். லாரிக்காரர்களிடம் அரிசி இருந்தது, அடுப்பு இருந்தது. மண்டபத்து அண்டாவில் முட்டைக் குழம்பு வைத்தீர்கள்.

லாரிக்காரர்கள் வழியில் பொங்கித் தின்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு மண்டபத்துக்கே குழம்பு வைக்கிற கை உங்களுடையது என்று தெரியாது. அதுகூடப் போகட்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியோடு நின்று நீங்கள் பேசினீர்கள். பேசினீர்கள், பேசிக்கொண்டே இருந்தீர்கள். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மழைச் சத்தத்தில் ஒன்றும் மேடைக்குக் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தது தெரிந்தது. உங்களுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "யாரு தாயி அந்த ஆளு, இந்தப் போடு போடுதாரு?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரருங்க" என்றேன்.

"குடுத்து வச்சவ" என்று என் கையைத் தட்டினார்.

அப்புறம் ஒரு தட்டில் சோறு போட்டு என்னிடம் கொண்டு வந்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பைத் துடைத்து எடுத்துவிட்டு வந்திருந்தீர்கள். "சாப்புடு" என்றீர்கள். ஒரே ஒரு வார்த்தை. திரும்பிப் போனதும் அங்கே மறுபடியும் சிரிப்பு.

தண்ணீர் வடிவதற்குள் லீவு முடிந்துவிட்டது. திரும்பினோம். மடியில் முட்டை இல்லாததால் எண்பதில் வந்தீர்கள். சாத்தூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நீங்கள் வைப்பர் போட்டீர்கள்.

கடல் பார்க்காததில் எனக்கு வருத்தமே இல்லை மாமா. அந்த மண்டபத்தில் ஒரு ஆளைப் பார்த்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ரோட்டில் போகிறவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் கிடைக்கிற அந்த ஆள் என் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்ததே இல்லை? அவர் வருவாரென்றால் நானும் வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே இருந்துகொள்கிறேன். இங்கே பேச்சுத் துணைக்காவது ஆள் இருக்கிறது.

மைதிலி


நாமக்கல்
9.11.2025

மைதிலி,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் இரண்டாவது லாரி ஓட்டுகிறானே அன்பழகன், அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னுங்கண்ணா, கோர்ட்டு நோட்டீசுங்களா?" என்று கேட்டான்.

அந்தப் பல்லைப் போன வருஷம் இந்தூரில் பிடுங்கினேன். வீங்கிப்போய் மூன்று நாள் வண்டி ஓட்ட முடியவில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வீட்டுக்குள் வந்தால் எனக்கு விருந்துக்கு வந்த மாதிரி இருக்கிறது. மாதத்தில் முக்கால்வாசி நான் வெளியே. வரும்போது நீயும் மோனிஷாவும் ஒரு பேச்சுக்கு நடுவில் இருப்பீர்கள். யாரோ ஒரு டீச்சர், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி, என்னவோ சண்டை. எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு முதலிலிருந்து எனக்கு விளக்குவீர்கள். ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு வழி சொல்கிற மாதிரி. அதற்குள் உங்கள் சிரிப்பு போய்விடும். நான் வந்து கெடுத்துவிட்டேனே என்று இருக்கும். அதனால் கேட்பதை விட்டேன். அப்படியே பேசுவதும் விட்டுப்போய்விட்டது.

டீக்கடையில் அந்தக் கஷ்டம் இல்லை. அங்கே எல்லாரும் அப்போதுதான் வந்தவர்கள்.

நீ போன பிறகு வீட்டில் தனியாக இருந்து பார்க்கிறேன். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் மூன்று நாள் வெல்லம் போட்டுக் குடித்தேன். நீ இல்லாத வீட்டில் நான் விருந்தாளிகூட இல்லை.

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். வருகிற வாரம் தூத்துக்குடிக்கு ஜவ்வரிசி லோடு. நானே ஓட்டுகிறேன். நம் வீட்டில் பெண்கள் லாரியில் ஏறக் கூடாது என்பது அப்பா காலத்து வழக்கம். ஆயுத பூஜைக்கு நீ குங்குமம் வைப்பதோடு சரி, கேபின் படியில்கூடக் கால் வைத்ததில்லை. அந்த வழக்கத்தை நான் எடுத்துவிடுகிறேன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நீ வந்து முன்னால் உட்கார். ரோட்டில் நான் எப்படி இருப்பேனோ, உன்னிடமும் அப்படியே இருப்பேன்.

தபாலில் போட்டால் நேரமாகும். ஆத்தூர் பக்கம் போகிற அன்பழகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு டீ கொடு. பேச்சுக் கொடுக்காதே.

சிவக்குமார்


வாழப்பாடி
11.11.2025

மாமா,

பேச்சுக் கொடுக்காதே என்று நீங்கள் எழுதியிருந்ததை, அன்பழகன் டீ குடித்து, பேசி முடித்து, வண்டியைக் கிளப்பிப் போன பிறகுதான் படித்தேன். கடிதத்தின் மேலேயே எழுதியிருக்கக் கூடாதா?

வந்து உட்கார்ந்தவன் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன என்றேன்.

"ஏனுங்கக்கா, ஒருக்கா கண்டக்டரு உங்களை ஸ்டாப்பிங் தாண்டிக் கொண்டுபோயிட்டானாமா? எறங்கவே மாட்டேன்னு அழுத்தமா உக்காந்து, பஸ்ஸையே ரிவர்சுல கொண்டாந்து எறக்கி உட வெச்சீங்களாமா? நெசமாலுமேங்களா?"

"உனக்கு யாரு சாமி சொன்னது?"

"நம்ம வண்டில ஏறுன எல்லாத்துக்கும் தெரியுமுங்க. நாக்பூருல ஒரு பஞ்சாபி டிரைவருக்கே தெரியும். அண்ணன் அரகொறை இந்தில சொல்லி, சீட்டுல உக்காந்து நடிச்சுக் காட்டுனாருங்க. அவரு உங்கள ஒருக்கா பாக்கோணும்னாரு."

அதோடு விட்டானா? "தூக்கத்துல பால்காரரத் திட்டுவீங்களாமே, தண்ணி ஊத்துனது போதும் நிறுத்துன்னு?" என்றான். வித்யாவின் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவன் போன பிறகு துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய் அழுதேன். என்னைப் பற்றி இவ்வளவு பேச ஒரு ஆள் இருக்கிறார் என்று சந்தோஷம். என்னைத் தவிர எல்லாரிடமும் பேசியிருக்கிறார் என்று ஆத்திரம். இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? நாக்பூர் பஞ்சாபிக்காரருக்குக் கிடைத்ததில் பாதியாவது எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா மாமா?

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். மண்டபத்தில் அத்தனை பேர் சிரித்தார்களே, எதற்கு? மறைக்காமல் எழுதுங்கள்.

லாரிக்கு நான் வரவில்லை. அந்த வழக்கத்தை எடுத்தது நல்லதுதான், அதில் எனக்கு மாமனார்மேல் பழைய கோபமே உண்டு. ஆனால் கேபினுக்குள் நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள் என்பது எனக்கு இப்போதே தெரியும். நாலு நாள் பேசுவீர்கள், நானும் பூரித்துப்போவேன். ஊர் வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் மறுபடியும் "ம்", "செரி". அந்த ஏமாற்றத்தை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. எனக்கு அந்த ஆள் வீட்டில் வேண்டும்.

மைதிலி


தூத்துக்குடி
17.11.2025

மைதிலி,

அன்பழகனை நான் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

நீ வரவில்லை என்று தெரிந்தும், லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்து சீட்டைத் துடைத்து வைத்தேன். வழியில் ஏறிக்கொள்ளக் கேட்ட யாரையும் அதில் உட்காரவிடவில்லை. சாத்தூர் வந்ததும் அந்த மண்டபத்தைப் பார்த்தேன். உள்ளே ஏதோ கல்யாணம், வாழை மரம் கட்டியிருந்தார்கள்.

நீ கேட்டாயே, சொல்கிறேன். அன்றைக்குச் சிரித்தது உன்னைப் பற்றித்தான். மடியில் நாலு அட்டை முட்டையோடு நீ வந்த கதை. தூரத்தில் வேகத்தடையைப் பார்த்தாலே நீ அட்டைகளோடு சீட்டிலிருந்து எழும்பிவிடுவாய், முட்டைக்கு அடி படக் கூடாதென்று. தலை கூரையில் இடிக்கும். எழும்பிக்கொண்டே என்னைத் திட்டுவாய். உட்கார்ந்த பிறகு தண்டாயுதபாணியைத் திட்டுவாய். அப்புறம் அட்டைக்குள் எட்டிப் பார்ப்பாய். மதுரை வரைக்கும் உன் மடியில் ஒரு முட்டை விரிசல் விடவில்லை. பின்னால் நான் அடுக்கியதில்தான் ஏழெட்டு போனது. அதைத்தான் சொன்னேன். "இதுதாங்க எஞ்சம்சாரம்" என்று கையைக் காட்டினேன். எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். நீ குனிந்து சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாய். நீ நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.

தட்டைக் கொண்டு வந்தபோது உன்னிடமும் அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். எனக்கு வாய் வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இப்படித்தான். நீ காப்பி கொடுத்தாய், நான் சூடு தெரியாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. உன்னைப் பார்த்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது மைதிலி. ஐம்பது வயசில் இதை எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இல்லாதபோது உன்னைப் பற்றிப் பேசினால், நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் நாக்பூர் வரைக்கும் பேசினேன்.

வீட்டில் பேசுகிறேன். பேச்சு முதல் நாளே வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ரொம்ப நாள் நின்ற வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். நீ தள்ளிவிட்டால் நான் கிளம்பிக்கொள்கிறேன்.

இங்கே லோடு இறக்கியாகிவிட்டது. திரும்புவதற்கு லோடு கிடைக்க வியாழன் வெள்ளி ஆகும் என்கிறார்கள். நான் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக லாரியைக் காலியாக ஓட்டிக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடிக்கு வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். வருகிறாயா?

சிவக்குமார்


வாழப்பாடி
20.11.2025

மாமா,

நீங்கள் வர வேண்டாம்.

இந்த வரியோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளாமல் முழுசாகப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கும் வர வேண்டாம். நீங்கள் வீட்டில் இருங்கள்.

உங்கள் லாரிச் சத்தம் கேட்டு எத்தனை தடவை ஓடி வந்து கதவைத் திறந்திருப்பேன். காய்ச்சலோடு திறந்திருக்கிறேன், மோனிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திறந்திருக்கிறேன், உங்களோடு சண்டை போட்ட வாரத்திலும் திறந்திருக்கிறேன். எனக்கு ஒருத்தரும் திறந்ததில்லை. எங்கே போய் வந்தாலும் நானே பையைக் கீழே வைத்து, நானே சாவியைத் தேடி, விளக்கு எரியாத வீட்டுக்குள் நானே நுழைவேன். வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி இருக்கிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விருந்தாளி கதவைத் திறக்க மாட்டார். வீட்டுக்காரர்தான் திறப்பார். இந்தத் தடவை நீங்கள் திறங்கள்.

என் சாவியை வித்யாவிடமே விட்டுவிட்டு வருகிறேன். நீங்கள் திறக்காவிட்டால் நான் தெருவில்தான் நிற்க வேண்டும். இதை இந்தப் பக்கம் வந்த அன்பழகனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், நன்றாக ஒட்டி.

கூச்சமாக இருந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டாம், கையிலிருக்கிற பையைப் பார்த்துப் பேசுங்கள். என்ன பேசினாலும் சரி. ஆனால் நான் வாசற்படியில் நிற்கும்போதே பேசிவிடுங்கள். உள்ளே வந்து விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் நான் ஆரம்பித்துவிடுவேன், அப்புறம் உங்களுக்கு இடம் கிடைக்காது.

மைதிலி